மருத்துவ வழிகாட்டுநெறியில் செலவுக் கணக்கு: குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வழிகாட்டுநெறிக் குழுக்களில் செலவு என்ற பேச்சு பெரும்பாலும் கடைசிக் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எழும். "மருந்து நல்லதுதான், விலை?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் போனில் எம்ஆர்பி பார்த்துச் சொல்வார். "அவ்வளவா!" என்று ஒரு முனகல் கேட்கும். பரிந்துரையில் "வசதி இருந்தால்" என்று இரண்டு சொல் சேர்ந்துவிடும். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வட்டார மருத்துவமனை மருத்துவர் எதுவும் செய்ய முடியாது. மருந்து வாங்கும் அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது.

அரசு மருத்துவக் கல்லூரியிலோ மருத்துவச் சங்கத்திலோ வழிகாட்டுநெறி எழுதும் குழுவில் உங்களைச் சேர்த்து, "வளங்களும் செலவும்" பகுதியை உங்கள் தலையில் கட்டியிருந்தால் இது உங்களுக்காக. பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. எக்ஸெல், கொஞ்சம் பொறுமை, ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் போன் எண் மூன்றும் வேண்டும்.

முழுக்க ஒரே எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கர்ப்பகால ரத்தசோகைக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டும். அயர்ன் சுக்ரோஸா, ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸா? பின்னதை இனி எஃப்சிஎம் என்கிறேன். இதில் வரும் விலைகளும் குணமாகும் எண்ணிக்கைகளும் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கேள்விக்குக் கணக்கு வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பிரியுங்கள்

ஒரு வழிகாட்டுநெறியில் இருபது, முப்பது கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் செலவு ஆய்வு செய்யப் போனால் வருடம் ஓடிவிடும். மூன்று வகைக் கேள்விகளை மட்டும் எடுங்கள்: நல்ல சிகிச்சைதான் ஆனால் விலை கூட என்பது, மிக அதிகம் பேருக்குக் கொடுக்கப்போவது, புதிய கருவியோ ஆளோ கட்டிடமோ தேவைப்படுவது. ஒரு சிகிச்சை பயனற்றது என்று மருத்துவச் சான்றே சொல்லிவிட்டால் அதற்குச் செலவுக் கணக்கு போடுவது வீண் வேலை.

தேர்ந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கத் தாள் திறங்கள். நோயாளி யார், எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்ற வழக்கமான நான்கோடு இன்னும் மூன்று எழுதுங்கள்: யார் செலவு, எத்தனை காலம், எந்த நிலை மருத்துவமனை. "ஒப்பீடு" இடத்தில் இன்று உண்மையில் நடப்பதை எழுத வேண்டும். யாருமே கொடுக்காத பழைய மருந்தோடு ஒப்பிட்டால் புதியது எப்போதும் ஜெயிக்கும். கம்பெனி செலவில் வரும் ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கும் வேலை இது.

நலமுரண் படிவத்தை இந்தக் கட்டத்திலேயே வாங்கிவிடுங்கள். மருந்து கம்பெனிப் பணத்தில் செலவைக் கணிக்கும் மாதிரி (மாடல்) செய்தவர் குழுவில் இருந்தால், அவர் விளக்கம் சொல்லலாம், அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போடக்கூடாது.

2. யாருடைய பை?

இந்த முடிவை எடுக்காமல் எண்களில் கை வைக்காதீர்கள். மருத்துவமனை தரும் செலவு ஒன்று, காப்பீட்டுத் திட்டம் தரும் தொகை இன்னொன்று, நோயாளி பஸ்ஸுக்கும் கூலி இழப்புக்கும் தருவது மூன்றாவது. இந்தியாவில் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்காக, சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ், 2017இல் தொடங்கிய எச்டிஏஇன் அமைப்பு தன் நடைமுறையில் சமூகப் பார்வையைத்தான் கேட்கிறது. ஆனால் பிரித்துக் காட்டச் சொல்கிறது: அரசுக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தனித்தனி வரியில். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மொத்தமாகக் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், வாங்கும் அதிகாரிக்கும் உதவாது, நோயாளி படும் பாடும் தெரியாது.

காலம் எவ்வளவு என்பது விளைவைப் பொறுத்தது. ரத்தசோகைக்குப் பிரசவம் வரை பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். குறைமாதக் குழந்தை, ஐசியு நாட்கள் எல்லாம் சேர்ந்தால் நீளும். ஒரு வருடத்தைத் தாண்டினால் பின்னால் வரும் செலவையும் பயனையும் ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடி செய்வது, அதாவது இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடுவது, இந்திய நடைமுறை. ஒரு வருடத்துக்குள் முடிந்தால் அந்த வேலையே இல்லை.

3. ரூபாய்க்கு முன் எண்ணிக்கை

புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். நேராக ரூபாய்க்குப் போய்விடுவார்கள். சான்றை எடைபோட்டுப் பரிந்துரை எழுத வழிகாட்டுநெறிக் குழுக்கள் பயன்படுத்தும் கிரேடு முறை சொல்வது வேறு: எத்தனை குப்பி, எத்தனை வருகை, எத்தனை மணி நேரம் என்று பொருளாக முதலில் எழுது, விலையைப் பிறகு போடு. காரணம் எளிது. விலை ஊருக்கு ஊர் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். குப்பி எண்ணிக்கை அவ்வளவாக மாறாது. உங்கள் அட்டவணையை வேறு மாநிலத்துக்காரர் எடுத்துத் தன் விலையைப் போட்டுக்கொள்ள முடியும்.

நம் எடுத்துக்காட்டில் 1000 மில்லிகிராம் இரும்பு தேவை என்று வைப்போம். அயர்ன் சுக்ரோஸ் 100 மி.கி. ஆம்பியூலாக வரும். ஒரு தடவைக்கு வழக்கமாக 200 மி.கி.க்கு மேல் ஏற்றுவதில்லை. ஆக ஐந்து தடவை, பத்து ஆம்பியூல், ஐந்து சலைன், ஐந்து ஐவி செட், பெரும்பாலும் ஐந்து கேனுலா. எஃப்சிஎம் 500 மி.கி. குப்பியாக வரும். இரண்டு குப்பியை சலைனில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றி, 30 நிமிடம் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஒரே தடவை.

ஆனால் எடையைப் பாருங்கள். எஃப்சிஎம்முக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று மேல் வரம்பு உண்டு. ஐரோப்பிய அனுமதிக் குறிப்பில் அது 20 மி.கி. அப்படியானால் 45 கிலோ பெண்ணுக்கு ஒரே தடவையில் 900க்கு மேல் போக முடியாது. அதே பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8, இலக்கு 11 என்றால் வழக்கமான சூத்திரப்படி (எடை × ஹீமோகுளோபின் பற்றாக்குறை × 2.4 + உடலின் சேமிப்புக்கு 500) தேவை எவ்வளவு? 45 × 3 × 2.4 + 500 = 824 மி.கி. இரண்டு குப்பி உடைக்க வேண்டும், 176 மி.கி. வீணாகும். அந்த வீணும் செலவுதான். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒன்பது ஆம்பியூலில் முடியும். மில்லிகிராம் கணக்கில் விலை போட்டவர்கள் எல்லாரும் இதைத் தவறவிடுவார்கள். குப்பி கணக்கில் போடுங்கள்.

4. விலை எங்கிருந்து?

எம்ஆர்பி வேண்டாம். அரசு மருத்துவமனைக்கான நெறி என்றால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் விலையை எடுங்கள். எம்ஆர்பி அதைப் போலப் பல மடங்கு இருக்கும், ஒரே மருந்துக்கே. தனியார் நோயாளிகளும் உங்கள் நெறியில் வருவார்கள் என்றால் ஜன் ஔஷதி விலையையும் கடை விலையையும் தனி வரியில் காட்டுங்கள். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, மருந்து விலையை நிர்ணயிக்கும் தேசிய ஆணையமான என்பிபிஏ வைத்த உச்சவிலை இருக்கும். அதற்கு மேல் விற்க முடியாது என்பதே அதன் அர்த்தம், அதுதான் வாங்கும் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கை, நர்ஸ் நேரம், ஆய்வகப் பரிசோதனை இவற்றுக்குச் சண்டிகர் பிஜிஐ நிறுவனத்தார் உருவாக்கிய தேசியச் செலவுத் தரவுத்தளம் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையைச் "செலவு" என்று எடுப்பது பொதுவான தவறு. அரசு எவ்வளவு கொடுக்கிறது என்றுதான் அது சொல்லும். மருத்துவமனைக்கு எவ்வளவு ஆகிறது என்பது வேறு கணக்கு.

ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் தேதியும் இடமும் எழுதுங்கள். எஃப்சிஎம்மையே பாருங்கள். இந்தியாவில் அதன் காப்புரிமை 2023 அக்டோபரில் முடிந்தது. அதற்கு முன் வந்த ஆய்வில் உள்ள விலையை இன்று பயன்படுத்தினால் உங்கள் முடிவு தலைகீழாகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமானது. வரி சேர்த்ததா சேர்க்காததா என்று எழுதாத விலைப்பட்டியலை நம்பாதீர்கள்.

இந்த வேலைக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். நான்கு வாரம் கடிதம் போய்ப் பதில் வருவதிலேயே ஓடிவிடும். குழுத் தலைவரின் கையெழுத்தோடு கடிதத்தை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்.

5. வந்த ஆய்வுகளைத் தேடிச் சலிப்பது

முதலில் எச்டிஏஇன் வெளியிட்ட அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் செலவு–திறன் ஆய்வுப் பதிவேடும். பிரிட்டனின் என்எச்எஸ் பொருளாதார ஆய்வுத் தரவுத்தளத்தைப் பல பயிற்சிக் குறிப்புகள் இன்னும் சொல்லும். அது 2015உடன் நின்றுவிட்டது, பழைய ஆய்வுகளுக்கு மட்டும் உதவும். பப்மெட்டில் தேடும்போது "காஸ்ட் பெனிஃபிட் அனாலிசிஸ்" என்ற தலைப்பையும் போடுங்கள். செலவு–திறன் ஆய்வுகள் பலவும் அதன் கீழ்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

சலிக்கும்போது ஒரு குழப்பம் வரும். சியர்ஸ் 2022 என்ற 28 அம்சப் பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டு "தரமான ஆய்வு" என்பார்கள். அது ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்பதற்கான பட்டியல். அழகாக எழுதப்பட்ட தவறான ஆய்வும் அதில் 28 வாங்கும். தரம் பார்க்கச் சுகாதாரப் பொருளாதார நிபுணர் டிரமண்டின் பத்துக் கேள்விகள் போதும். கணினி மாதிரி என்றால் பிலிப்ஸ் பட்டியல்.

வெளிநாட்டு ஆய்வின் விகிதத்தை டாலர் மதிப்பால் பெருக்கிக் கொண்டுவராதீர்கள். லண்டன் நர்ஸின் ஒரு மணி நேரத்தை ரூபாயாக்கினால் அது விழுப்புரம் நர்ஸின் ஒரு மணி நேரம் ஆகிவிடாது. அந்த ஆய்விலிருந்து எடுக்க வேண்டியது எண்ணிக்கைகளை: எத்தனை பேர் திரும்ப அட்மிட் ஆனார்கள், எத்தனை வருகை மிச்சமானது. அதுவும் நம் நடைமுறையோடு ஒத்துப்போனால் மட்டும். இந்தத் தேடலுக்கு மூன்று, நான்கு வாரம் போதும். பெரும்பாலான கேள்விகளுக்கு நல்ல ஆய்வு ஒன்றோ இரண்டோதான் சிக்கும், சிலவற்றுக்கு எதுவும் சிக்காது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் "தேடினோம், இல்லை" என்று தேதியோடு எழுதுங்கள். சான்று இல்லை என்பதும், செலவு அதிகம் என்பதும் ஒன்றல்ல.

6. விகிதம் போடுவது

எளிய கணக்குதான். இரண்டு சிகிச்சையின் செலவு வித்தியாசத்தை, பயன் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். இதைத்தான் ஐசிஇஆர் என்கிறார்கள். கணக்கு எளிது, அதில் போடும் எண்தான் சிக்கல்.

அயர்ன் சுக்ரோஸ் ஆம்பியூல் 20 ரூபாய், எஃப்சிஎம் குப்பி 600 ரூபாய் என்று வைப்போம். ஒரு தடவை ஏற்ற சலைன், செட், கேனுலாவுக்கு 90 ரூபாய், நர்ஸ் நேரமும் படுக்கையும் 130, மொத்தம் 220. முழுக் கோர்ஸுக்கு சுக்ரோஸ்: 200 + 5 × 220 = 1300. எஃப்சிஎம்: 1200 + 220 = 1420. மருந்தை மட்டும் பார்த்தால் ஆறு மடங்கு வித்தியாசம். மருத்துவமனைச் செலவாகப் பார்த்தால் 120 ரூபாய்.

இலக்கு ஹீமோகுளோபினை எட்டியவர்கள் நூற்றுக்கு சுக்ரோஸில் 60, எஃப்சிஎம்மில் 75 என்று இருந்தால், 100 பேருக்குக் கூடுதல் 12,000 ரூபாய், கூடுதலாகக் குணமானவர்கள் 15 பேர். ஒருவருக்கு 800 ரூபாய். இங்கேதான் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். சுக்ரோஸில் பயன் குறைவதற்கு முக்கியக் காரணம் பாதியில் வராமல் போவது. வராதவருக்கு மருந்தும் செலவாகவில்லையே! சராசரியாக நான்கு தடவைதான் வந்தார்கள் என்றால் சுக்ரோஸ் செலவு 4 × 260 = 1040. வித்தியாசம் 380. நூறு பேருக்கு 38,000, பதினைந்தால் வகுத்தால் 2,533 ரூபாய். பயனில் வராதவர்களைக் கழித்துவிட்டு, செலவில் அவர்களை முழுசாக வைத்த ஒரு தவறு, விடையை மூன்றில் ஒன்றாகக் குறைத்துக் காட்டியது.

இப்போது நோயாளியின் பை. ஒரு வருகைக்குப் பஸ், கூட வருபவர், கூலி இழப்பு எல்லாம் சேர்த்து 500 ரூபாய் என்றால் சுக்ரோஸ் 1040 + 2000 = 3040. எஃப்சிஎம் 1420 + 500 = 1920. சமூகப் பார்வையில் எஃப்சிஎம் செலவும் குறைவு, பயனும் கூட. விகிதமே தேவையில்லை. இரண்டு பார்வையையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னதன் காரணம் இப்போது புரியும்.

2,533 ரூபாயை நிறையா குறைவா என்று எப்படிச் சொல்வது? "ஒரு பெண்ணின் ரத்தசோகை சரியாக" என்ற அளவுக்கு எந்த வரம்பும் கிடையாது. வரம்புகள் எல்லாம் தரம் சரிசெய்த ஆயுளாண்டுக்குத்தான், அதாவது முழு நலத்தோடு வாழும் ஒரு ஆண்டுக்குச் சமமான அளவுக்கு; கூட்டங்களில் குவாலி என்பார்கள். இந்திய ஆய்வுகள் பெரும்பாலும் தனிநபர் ஜிடிபியின் ஒரு மடங்கை வரம்பாக வைக்கின்றன. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் நிறுவனம் நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வைத்திருந்தது. ஜிடிபியின் மூன்று மடங்கு வரை ஏற்கலாம் என்று பழைய கட்டுரைகள் எழுதும். அதை முடிவெடுக்கும் விதியாகக் கொள்ள வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆட்களே 2016இல் எழுதிவிட்டார்கள். குவாலி வரை போக வேண்டுமென்றால் உடல்நலத் தரத்தை அளக்கும் ஈகியூ–5டி வினாத்தாளுக்கு இந்தியர்களுக்கான மதிப்பெண் தொகுதி 2022இல் வந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு ஒரு சுகாதாரப் பொருளாதார நிபுணரும் ஆறு மாதத்துக்குக் குறையாத நேரமும் வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென ஒரு பிரிவே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தை முதல் மாதமே அணுகுங்கள். சிறப்பு மென்பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை, எக்ஸெலோ இலவச ஆர் நிரலோ போதும்.

7. பட்ஜெட் தாக்கம் தனிக் கணக்கு

ஒரு சிகிச்சை "செலவுக்கு ஏற்ற பயன்" தரலாம், அதே சமயம் கையில் பணமில்லாமலும் போகலாம். வருடத்துக்கு 5,000 பெண்கள் என்று ஒரு மாவட்டத்தை வைப்போம். மொத்தக் கூடுதல் 380 × 5,000 = 19 லட்சம். இந்த எண்ணை மட்டும் கொடுத்தால் நிதிப் பிரிவு உங்களை நம்பாது. மருந்துத் தலைப்பில் கூடுவது ஆளுக்கு 1200 − 160 = 1040, அதாவது 52 லட்சம். சலைன், செட், கேனுலாவில் மிச்சம் 13.5 லட்சம். இது நிஜப் பணம். மீதி 19.5 லட்சம் மிச்சம் நர்ஸ் நேரமும் படுக்கையும். அது யார் கைக்கும் பணமாக வராது. நர்ஸ் சம்பளம் அதேதான், அவர் வேறு நோயாளியைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் வாங்குபவர் முதல் ஆண்டில் உண்மையில் தேட வேண்டியது 38.5 லட்சம். இதை மூன்று வரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை போட்டால் போதும், இந்தக் கணக்கில் தள்ளுபடி செய்வதில்லை.

8. அட்டவணையில் ஏற்றிப் பரிந்துரை எழுதுவது

கிரேடு முறையின் சான்றிலிருந்து முடிவுக்கான அட்டவணையில் செலவுக்கு மூன்று வரி உண்டு: வேண்டிய வளங்கள், அந்த வளக் கணக்கின் நம்பகம், செலவு–திறன். நடு வரியைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள். மருந்தின் பயனுக்கு உயர்ந்த நம்பகம் இருக்கலாம், எத்தனை வருகை என்ற கணக்கு ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேட்டிலிருந்து வந்திருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு கொடுங்கள். அடுத்து வரும் சமத்துவ வரியில், தினக்கூலிக்குப் போகும் பெண் ஐந்து முறை வருவதும் ஒரு முறை வருவதும் என்ன வித்தியாசம் என்று எழுத இடமிருக்கிறது. "பாதிப்பு இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள்.

மருத்துவப் பயனையும் செலவையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காமல் எழுதுவதற்கு அமெரிக்க இதயச் சங்கங்களின் 2022 இதயச் செயலிழப்பு நெறி நல்ல முன்மாதிரி. ஒருவகை இதயத்தசை நோய்க்கான டஃபமிடிஸ் மருந்தைக் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு முதல் வகுப்பில் (மிக வலுவான பரிந்துரையாக) பரிந்துரைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே 2020ஆம் ஆண்டுப் பட்டியல் விலையில் குறைந்த பொருளாதார மதிப்பு, ஒரு குவாலிக்கு 1,80,000 டாலருக்கு மேல் என்று தனியாகச் சொல்லிவிட்டார்கள். படிப்பவருக்கு மருந்தின் மேல் சந்தேகம் வராது, விலையின் மேல்தான் வரும்.

செலவால்தான் பரிந்துரை "நிபந்தனையோடு" ஆனது என்றால் அதை நேராக எழுதுங்கள். "நிபுணர் கருத்துப்படி" என்று மறைத்தால், விலை இறங்கிய பிறகும் அந்தப் பரிந்துரை அப்படியே கிடக்கும். வழிகாட்டுநெறிகளின் தரம் பார்க்கும் அக்ரீ 2 மதிப்பீட்டுக் கருவியின் 20ஆவது அம்சம் இந்த வளக் கணக்கைத்தான் கேட்கிறது. வெளி மதிப்பீட்டாளர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்டுவார்கள்.

9. எப்போது திரும்பத் திறப்பது

மூன்று, ஐந்து ஆண்டு என்று தேதி மட்டும் போடாதீர்கள். விலையையும் போடுங்கள். நம் கணக்கில் மருத்துவமனைக்கு இரண்டும் சமமாகும் இடம் எளிதாகக் கிடைக்கும்: சுக்ரோஸின் 1040இலிருந்து ஒரு தடவை ஏற்றும் 220ஐக் கழித்தால் 820, இரண்டு குப்பிக்கு. ஆக ஒரு குப்பி 410 ரூபாய். "டெண்டர் விலை 410க்குக் கீழே வந்தால் இந்தப் பரிந்துரை மறுபரிசீலனைக்கு வரும்" என்ற ஒரு வரியை நெறியிலேயே சேருங்கள். எக்ஸெல் கோப்பைப் பூட்டாமல் இணைப்பில் வையுங்கள். டெண்டர் திறக்கும் மாதத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரைக் கூப்பிட்டு விலை கேட்பது யார் என்று குழு உறுப்பினர் ஒருவரின் பெயரையும் குறித்துவிடுங்கள்.